ஒரு கண் போன மட்டக்குதிரையை மறுபடி பழக்குவது எப்படி

மட்டக்குதிரைக்கு, அதாவது போனிக்கு, ஒரு கண் போய்விட்டது என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொல்வார்கள்: இனி இது எதற்கும் ஆகாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒற்றைக் கண் குதிரைகளில் பெரும்பாலானவை முன்பு செய்த வேலைக்கே திரும்பிவிடுகின்றன. இங்கிலாந்தில் நடக்கும் ஹிக்ஸ்டெட் டெர்பி, தடை தாண்டும் போட்டிகளில் மிகக் கடினமானவற்றுள் ஒன்று. 2014-ல் அதை ஜெயித்த அட்வென்ச்சர் டி கன்னன் ஒற்றைக் கண் குதிரை. 2017-ல் அமெரிக்காவின் கென்டகி டெர்பி பந்தயத்தில் பேட்ச் என்ற குதிரை இடது கண் இல்லாமல் இருபது குதிரைகளில் ஒன்றாக ஓடியது, அடுத்த மாதம் பெல்மான்ட் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. ஏரிக்கரையைச் சுற்றி நடக்க வேண்டிய உங்கள் போனிக்கு இதில் பாதித் திறமைகூடத் தேவையில்லை. தேவைப்படுவது உங்கள் பொறுமையும், ஒழுங்கான ஒரு பழக்கமும்தான்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் சவாரிக்குக் குதிரை வைத்திருப்பவர்களையும், தோட்டத்தில் ஆசைக்கு ஒரு போனி வளர்ப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். குதிரைக்கே புதியவர் என்றால், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், தனியாக வேண்டாம்.

அதற்கு என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், இரண்டு கண்ணும் இருக்கும்போது கிட்டத்தட்ட 350 பாகை சுற்றளவு அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் கீழே கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் தெரியாத இடம். ஒரு கண் போனால் இதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி ஒரே அடியாக மறைந்துவிடுகிறது. கூடவே, முன்பக்கம் சுமார் 60 பாகைக்கு இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்த இடத்தில் ஆழத்தையும் தூரத்தையும் கணிக்கிற வசதியும் போய்விடுகிறது. இது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முதல் தடவை கொட்டும். பத்து நிமிடம் செய்தால் தலையை லேசாக அசைத்து அசைத்துத் தூரத்தைக் கண்டுபிடிக்கப் பழகிவிடுவீர்கள். போனியும் அதையே செய்யும்: தலையை ஏற்றி இறக்கும், கழுத்தைக் குருட்டுப் பக்கம் திருப்பி நல்ல கண்ணை முன்னுக்குக் கொண்டுவரும், நின்று பார்த்துவிட்டு அடி எடுத்து வைக்கும். அது முரண்டு பிடிக்கிறது என்று நினைத்துக் கடிவாளத்தை இழுப்பவர்கள் நிறைய பேர். இழுக்காதீர்கள். அந்த ஒரு வினாடி அதற்கு வேண்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். கண் நாள்பட்ட நோயால் மெல்ல மெல்ல மங்கியிருந்தால், அறுவைசிகிச்சைக்கு முன்பே போனி பாதி பழகியிருக்கும். வலி நின்றதுமே பல போனிகள் முன்பைவிடத் தெளிவாகிவிடுவதைப் பார்க்கலாம். முள் குத்தியோ, உதை வாங்கியோ ஒரே நாளில் போன கண் என்றால் கதை வேறு. நேற்று வரை இருந்த பாதி உலகம் இன்று இல்லை, யாரும் அதற்கு விளக்கிச் சொல்லவும் முடியாது. அதற்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

காயம் ஆறும் வரை

கண்ணை எடுக்கும் அறுவைசிகிச்சையை இப்போது பல இடங்களில் குதிரையை நிற்கவைத்தே, அரைமயக்க ஊசியும் மரத்துப்போகும் ஊசியும் போட்டுச் செய்கிறார்கள். இமைகளை மூடித் தைத்துவிடுவார்கள், தையல் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும். முதல் ஓரிரு நாள் வீக்கம் இருக்கும், அந்தப் பக்க மூக்கிலிருந்து கொஞ்சம் ரத்தம் கலந்த நீர் வரலாம், பயப்பட வேண்டாம். வீக்கம் குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, தையலிலிருந்து நாற்றமடிக்கும் சீழ் வந்தாலோ, தீனி எடுக்காமல் நின்றாலோ உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். குதிரை டெட்டனஸுக்கு மிக எளிதில் பலியாகும் பிராணி, அதனால் தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதல் நாளே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஈ மொய்க்காமல் வலை முகமூடி கட்டுங்கள், தையலைத் தூணில் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பழக்குகிற வேலை எதையும் இப்போது தொடங்க வேண்டாம். ஆனால் பேச ஆரம்பித்துவிடலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிறகு குழி உள்வாங்கும், மேலே முடி வளரும். பார்க்கச் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். போனிக்கு அது ஒன்றுமே இல்லை.

லாயத்தையும் மேய்கிற இடத்தையும் சரிசெய்வது

போனியை வெளியே விடுவதற்கு முன் நீங்கள் ஒரு சுற்று நடந்து வாருங்கள், அதன் கண் உயரத்தில் குனிந்து பார்த்தபடி. நீட்டிக்கொண்டிருக்கிற ஆணி, உடைந்த தகரம், முள்கம்பி, கண்மட்டத்துக்குத் தாழ்ந்த கிளை, உண்ணிச்செடிப் புதர் எல்லாவற்றையும் அகற்றுங்கள். முள்கம்பி வேலி இருந்தால் அதை எடுத்துவிட்டு மரக்கட்டை வேலி போடுங்கள், முடியாவிட்டால் அந்தப் பகுதிக்குப் போகாதபடி குறுக்கே தடுத்துவிடுங்கள். இனி இருக்கப்போவது ஒரு கண்தான், அதையும் ஒரு கம்பி முனைக்குக் கொடுக்கக் கூடாது.

தண்ணீர்த் தொட்டியும் தீனித் தொட்டியும் எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். லாயத்து வாசல் நாலடிக்குக் குறையாமல் இருந்தால் நல்லது, ஏனென்றால் முதலில் அடிபடுவது குருட்டுப் பக்க இடுப்பு எலும்புதான். குறுகலான வாசல் என்றால் நிலைக்கட்டையில் பழைய சாக்கைத் தடிமனாகச் சுற்றிக் கட்டுங்கள். வெயிலிலிருந்து இருட்டான லாயத்துக்குள் நுழையும்போது வாசலில் கொஞ்சம் நிறுத்துங்கள். குதிரையின் கண் வெளிச்சம் மாறுவதற்குப் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும், ஒற்றைக் கண்ணோடு இருட்டுக்குள் இழுத்துப்போனால் அது நிலையில் முட்டிக்கொள்ளும், அப்புறம் அந்த வாசலைக் கண்டாலே பின்வாங்கும்.

புதிதாக மேய விடும்போது வேலி ஓரமாகக் கயிற்றில் பிடித்துச் சுற்றிக் காட்டுங்கள், ஒரு தடவை இடமாக, ஒரு தடவை வலமாக. கூட்டாளிக் குதிரை ஒன்று இருப்பது பெரிய துணை, ஆனால் அடக்கமான குதிரையாக இருக்க வேண்டும். கடித்து விரட்டுகிற ஒன்றோடு விட்டால் குருட்டுப் பக்கமாக வருகிற உதையை இது தவிர்க்கவே முடியாது.

நெற்றி முடி நல்ல கண் மேல் விழுந்தால் கத்தரித்துவிடுங்கள். வண்டிக் குதிரைக்குக் கட்டுகிற கண்பட்டையை இனி எடுத்து வைத்துவிடுங்கள், அதை நல்ல கண்ணில் கட்டினால் முக்கால் குருடாக்குகிறீர்கள்.

குரலும் கையும்

இந்தப் பகுதியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒற்றைக் கண் போனியால் வருகிற விபத்துகளை யோசித்துப் பாருங்கள்: பார்வை குறைந்ததால் அது எங்கேயோ போய் மோதுவது கொஞ்சம்தான், தெரியாத பக்கத்திலிருந்து திடீரென்று ஏதோ மேலே பட்டதில் திடுக்கிட்டுத் துள்ளுவதும் உதைப்பதும்தான் நிறைய. ஆகவே உங்கள் வேலை முழுவதும் ஒரே வேலைதான், அதைத் திடுக்கிட விடாமல் இருப்பது.

முதல் வாரத்திலிருந்தே ஒரு விதி போடுங்கள், வீட்டில் எல்லோருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும், தீனி போட வருகிறவருக்கும்: குதிரையை நெருங்கும் முன் பேச வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். என்ன பேசினாலும் சரி, ஆனால் பேசிக்கொண்டே வர வேண்டும், காது உங்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் கை வைக்க வேண்டும். காதைக் கவனிக்கப் பழகுங்கள். குருட்டுப் பக்கக் காது இப்போது கண்ணின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது, அது உங்களை நோக்கித் திரும்பினால் நீங்கள் அங்கே இருப்பது அதற்குத் தெரியும் என்று அர்த்தம். முன்னே எங்கோ நீட்டிக்கொண்டோ, பின்னால் ஒட்டிக்கொண்டோ இருந்தால் இன்னும் ஒரு தடவை பேர் சொல்லுங்கள்.

அடுத்தது கை. நல்ல பக்கத்தில் நின்று தோளில் கை வையுங்கள், தடவியபடியே முதுகு மேல் கொண்டுபோய், கை எடுக்காமல் குருட்டுப் பக்க விலா வரை நீட்டித் தடவுங்கள். அது அமைதியாக நின்றால் கொஞ்சம் கேரட் கொடுங்கள், நிறுத்துங்கள். சில நாட்களில் இப்படியே கை விடாமல் முன்னால் கழுத்தைச் சுற்றி மறுபக்கம் போய் நிற்கலாம். கை விட்டுவிட்டு மறுபடி தொட்டால் அது புதிய ஆள் தொட்டது மாதிரி. அதனால் மறுபக்கம் வேலை செய்யும்போது ஒரு கை எப்போதும் உடம்பில் இருக்கட்டும். பிறகு பிரஷ், பிறகு துண்டு, பிறகு கயிறு நுனி என்று ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் பட விடுங்கள். ஒவ்வொரு பொருளையும் முதலில் நல்ல கண்ணுக்குக் காட்டி, முகர விட்டு, நல்ல பக்கத்தில் பட வைத்து, அப்புறம்தான் மறுபக்கம். நல்ல பக்கத்தில் கற்றதை மறுபக்கமும் அறியும் என்று எதிர்பார்க்காதீர்கள், அங்கே எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கும்.

லாடம் அடிக்க வருபவரிடமும் முன்னமே சொல்லிவிடுங்கள். குருட்டுப் பக்கக் காலைத் தூக்கும் முன் தோளிலோ இடுப்பிலோ கை வைத்து, கால் வழியாகத் தடவிக்கொண்டே கீழே இறங்கச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் உதை வாங்குவது அவர்.

சொற்களையும் இப்போதே நிலைப்படுத்துங்கள். 'நில்', 'நட', 'திரும்பு' என்று குறுகிய சொற்கள், எப்போதும் ஒரே சொல், ஒரே குரல். படி, மேடு, பள்ளம் வந்தால் சொல்ல ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள், 'பார்த்து' என்று சொன்னால் போதும். அந்தச் சொல்லைச் சொல்லி நிறுத்தி, அது தலையைத் தாழ்த்திப் பார்க்க விட்டு, பிறகு நடத்துங்கள். தினமும் செய்தால் கொஞ்ச நாளில் அந்தச் சொல்லைக் கேட்டதுமே தலை தானாகத் தாழும். சவாரியில் இது உங்களைப் பல தடவை காப்பாற்றும்.

கயிற்றில் நடத்துவது

எந்தப் பக்கம் நிற்பது என்பதில் குதிரைக்காரர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. குருட்டுப் பக்கம் நின்று நீங்களே அதன் கண்ணாக இருங்கள் என்பார்கள் சிலர், நல்ல பக்கம் நின்றால்தான் உங்களைப் பார்த்து நம்பும் என்பார்கள் மற்றவர்கள். என் கருத்து: தொடங்குவது நல்ல பக்கம். ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைத் தெரிந்தே நில்லுங்கள். குருட்டுப் பக்கம் சத்தம் கேட்டால் போனி அதிலிருந்து விலகித் துள்ளும், அதாவது நல்ல பக்கம், அதாவது உங்கள் மேல். ஆகவே ஒட்டி நடக்காதீர்கள், தோளுக்கு நேராக ஒரு கை தூரம் விட்டு நடங்கள். பத்துப் பன்னிரண்டு அடிக் கயிறு வைத்துக்கொள்ளுங்கள், கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம். கெட்டியான பூட்ஸும் ஹெல்மெட்டும் போடுங்கள், போனிதானே என்று நினைக்க வேண்டாம்.

அது நிதானமானதும் குருட்டுப் பக்கம் மாறுங்கள். இப்போது தோளில் ஒரு கை, பேச்சு நிற்கக் கூடாது. 'நில்', 'நட', 'திரும்பு' எல்லாவற்றையும் அந்தப் பக்கத்திலிருந்தும் சொல்லித்தாருங்கள். குதிரையை வழக்கமாக இடப்பக்கம் நின்றுதான் பிடிப்போம், ஏறுவோம். இடது கண் போன போனிக்கு இந்த வழக்கம் முழுவதும் தலைகீழாகிறது, வலப்பக்கம் நின்று சேணம் கட்டவும் ஏறவும் நீங்கள்தான் பழக வேண்டும். கொஞ்சம் கையும் காலும் தடுமாறும், பழகிவிடும்.

நீளக் கயிற்றில் வட்டமிட வைக்கும்போது முதலில் நல்ல கண் உள்பக்கம் இருக்கும்படி, அதாவது உங்களைப் பார்க்கும்படி சுற்ற விடுங்கள். மறுபக்கச் சுற்று தாமதமாகத்தான். அப்போது அதற்கு உங்களைத் தெரியாது, உங்கள் குரல் மட்டும்தான், அதனால் சாட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நடை மட்டும் போதும், ஓட்டம் வேண்டாம்.

சேணம் வைத்த பிறகு

மருத்துவர் சரி சொன்ன பிறகு, கயிற்று வேலையில் இரண்டு பக்கமும் அமைதி வந்த பிறகு, பழகிய ஒரு சவாரிக்காரர் ஏறட்டும். சேணம் குருட்டுப் பக்கமாக விழக் கூடாது, வயிற்றுவாரை மெல்ல மெல்ல இறுக்குங்கள், கால் வைக்கிற அங்கவடி அந்தப் பக்க விலாவில் தொங்கி அடிக்காமல் மேலே சுருட்டி வையுங்கள்.

ஏறியதும் முதல் நாள் வேலி போட்ட இடத்துக்குள் நடை மட்டும். குருட்டுப் பக்கம் வேலியை ஒட்டி நடத்துவது தொடக்கத்தில் நல்லது, அந்தப் பக்கம் எதுவும் வராது என்று அதற்கே தெம்பு வரும். முழங்கால் இடிக்காத இடைவெளியை மட்டும் சவாரிக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தைக் குருட்டுப் பக்கம் லேசாகத் திருப்பி வைத்திருக்கும், அதை நேராக்க முயலாதீர்கள், லகானைத் தளர்வாகப் பிடியுங்கள். குருட்டுப் பக்கம் திரும்பும் முன் 'திரும்பு' என்று சொல்லி, தலையை அந்தப் பக்கம் கொண்டுபோக விட்டு, அது பார்த்த பிறகு அகலமாகத் திருப்புங்கள். சவாரிக்காரரின் குருட்டுப் பக்கக் கால் விலாவில் மென்மையாக ஒட்டியே இருக்கட்டும், அது போனிக்கு ஒரு சுவர். நாள்தோறும் ஒரே பக்கம் கழுத்தை வைத்து நடப்பதால் அந்தப் பக்கத் தசை இறுகும். வேலை முடிந்ததும் கேரட்டைக் காட்டி இரண்டு விலா பக்கமும் கழுத்தை நீட்ட வையுங்கள்.

தரையில் கிடக்கும் ஒரு கட்டையைத் தாண்ட வைப்பதில்தான் தூரக் கணிப்பு திரும்பி வருகிறதா என்று தெரியும். ஒன்றே ஒன்று போடுங்கள். முதலில் குளம்பு தட்டும், தட்டட்டும். கட்டைக்கு வெள்ளை அடியுங்கள். குதிரைக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிகிற மாதிரி எடுப்பாகத் தெரியாது. பிரிட்டனில் தடை ஓட்டங்களில் ஆரஞ்சுக் கட்டைகளை வெள்ளையாக மாற்றியதே இதனால்தான்.

சாலை

நம் நாட்டில் இடப்பக்கம் போகிறோம், அதனால் பின்னாலிருந்து முந்துகிற வண்டி போனியின் வலப்பக்கமாக வரும். இடது கண் போன போனி அதைப் பார்த்துவிடும். வலது கண் போன போனிக்கு ஒவ்வொரு பஸ்ஸும் பைக்கும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து காதருகே வெடிக்கிற சத்தம். கொடைக்கானல் ஏரிச் சாலையில் சீசன் நேரத்துக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள், ஹாரன், சைக்கிள், பலூன், ஓடி வரும் பிள்ளைகள். வலது கண் போனதை நான் சாலைக்குக் கொண்டுபோக மாட்டேன். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் வலப்பக்கம் நிதானமான இன்னொரு குதிரையோ, ஒரு ஆளோ கூடவே நடக்க வேண்டும், கூட்டம் இல்லாத அதிகாலையில், மூடுபனி இல்லாதபோது. இடது கண் போனதுக்கும் இடப்பக்கப் பள்ளம், சாக்கடை, நாய் எல்லாம் தெரியாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

வாடகைச் சவாரிக்கு விடலாமா? 1960-ஆம் ஆண்டு பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி, நோயாலோ ஊனத்தாலோ தகுதியற்ற பிராணியை வேலை வாங்குவது குற்றம். ஒரு கண் இல்லை என்பதாலேயே தகுதி போய்விடாது, ஆனால் தகுதி உண்டு என்று நீங்களே முடிவு செய்யவும் கூடாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள். அப்படியும், ஏறுகிறவரிடம் இதற்கு ஒரு கண் இல்லை என்று சொல்லிவிட்டு, கடைசி வரை நீங்களே கயிற்றைப் பிடித்து நடங்கள். செல்ஃபி எடுக்கக் குருட்டுப் பக்கமாக ஓடி வருகிறவர்களை நிறுத்துவதும் உங்கள் பொறுப்பு.

சில போனிகள் பழகாது. மாதக்கணக்காகப் பொறுமையாகச் செய்தும் தொட்டாலே நடுங்குகிறது, தீனி குறைகிறது, தினமும் எங்கேயாவது இடித்துக்கொள்கிறது என்றால் சவாரியை விட்டுவிடுங்கள். மேய்ச்சலும் ஒரு கூட்டாளியும் கொடுத்து நிம்மதியாக வைத்திருக்கலாம்.

மிஞ்சிய கண்

தினமும் காலையில் பாருங்கள். நீர் வடிகிறதா, கூசி மூடுகிறதா, நீலம் பாய்ந்த மங்கல் இருக்கிறதா. இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவர், நாளைக்கு என்று தள்ள வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் களிம்பை நீங்களாகப் போடவே கூடாது, அதில் ஸ்டீராய்டு இருந்து கருவிழியில் புண்ணும் இருந்தால் அந்தக் கண்ணும் போய்விடும். முதல் கண் போனது யுவைட்டிஸ் என்கிற உள்ளழற்சியால் என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும், அது மறு கண்ணுக்கும் வரக்கூடியது. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமியும் அதற்கு ஒரு காரணம், ஆகவே தீனி மூட்டையில் எலி சேர விடாதீர்கள், தேங்கிய குட்டையில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

நம் ஊர்களில் இன்னொன்றும் உண்டு, கண்ணுக்குள் வெள்ளை நூலாக நெளியும் புழு. மாட்டின் உடம்பில் வாழ்வது, கொசு மூலம் குதிரைக்கு வருவது. மாட்டுத் தொழுவத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்துக் கட்டுங்கள், சாயங்காலம் கொசுவுக்குப் புகை போடுங்கள். புழு தெரிந்தால் சொட்டு மருந்து ஊற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம், அறுவைசிகிச்சை செய்து எடுத்துவிடலாம். உள்ளூரில் வசதி இல்லை என்றால் சென்னை வேப்பேரியிலோ நாமக்கல்லிலோ இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போன் செய்து கேளுங்கள். வண்டியில் ஏற்றும்போது பலகையில் கால் வைக்கும் முன் நின்று பார்க்க விடுங்கள், உள்ளே நல்ல கண் ஆள் நிற்கும் பக்கம் இருக்கும்படி கட்டுங்கள், வழி நெடுக அதன் பேரைச் சொல்லிக்கொண்டே போங்கள்.